வலப்புறம் வளையும் பந்து

சென்ற திங்கள் இப்பகுதியில் கேரம் பலகையைப் பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்களுள் பலர் மூக்கின்மேல் விரல் வைப்பர் என்பதை அறிவோம். நாள்தோறும் கோப்புகளோடு மல்லுக்கு நிற்கும் இருப்புப்பாதை அலுவலகக் குமாஸ்தாவுக்குக் கோல்ஃப் ஒரு கேடா என்று கேட்பாரும் இருக்கலாம். அக்கேள்வியை நம் இல்லத்திலேயே இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்; ஆதலால் அது நமக்குப் புதிதன்று.

கொல்கத்தாவில் வாழ்வோருக்கு இவ்வாட்டம் அயலூர்ச் சரக்கும் அன்று. 1829ஆம் ஆண்டில் இந்நகரில் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கழகங்களுள் மிகப் பழைமையானது. துரைமார் பொழுது போக்குவதற்கென்று எழுந்த அந்த மைதானத்தில் புல்தரையைப் பேணிவந்த ஒருவரின் மைந்தரே எஸ்.எஸ்.பி. சௌராசியா. அங்கேயே பார்த்துப் பார்த்து ஆடக் கற்ற அவர் 2008இல் டில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பன் பட்டத்தைக் கைக்கொண்டார். அவருக்கு முன்பே, டில்லி மைதானத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும் அதே பட்டத்தை வென்றிருந்தார். பெங்களூரில் பை சுமந்து வளர்ந்த முனியப்பா 2009இல் வென்றார். பை சுமப்பவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்று அழைப்பர். நம் ஊர்க் காவல் நிலையத்தில் அச்சொல்லுக்கு உள்ள பொருளை நினைந்து முதல் நாள் நாம் திடுக்கிட்டது உண்மை.

நிற்க. இவ்வளவும் எழுதியது நம் ஆட்டத்தின் பெருமையைச் சொல்வதற்காக அன்று. அதன் சிறுமையைச் சொல்வதற்காகவே.

நம் அலுவலக நண்பர் ஒருவர் ஈராண்டுகளுக்கு முன் நகர்ப்புறத்துப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு நம்மை அழைத்துச் சென்றார். ஒரு கூடைப் பந்துக்குக் காசு கொடுத்தால் மட்டையும் அங்கேயே கிடைக்கும். முதல் நாள் நாம் அடித்த பந்துகளில் பாதி தரையைவிட்டு எழவில்லை. எழுந்தவை யாவும் இடப்புறமாகப் புறப்பட்டு, வானில் சிறிது தூரம் சென்றபின் மனம் மாறியவைபோல் வலப்புறம் வளைந்து வேலியோரம் வீழ்ந்தன. இதனை 'ஸ்லைஸ்' என்பர். புதிதாக மட்டை பிடிப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் பிணி இதுவே. பந்தையும் இலக்கையும் இணைக்கும் கோட்டுக்கு வெளிப்புறத்திலிருந்து மட்டை இறங்கி, பந்தைக் குறுக்கே சீவிக்கொண்டு, ஆடுபவரின் கால் பக்கமாக உள்ளே வந்துவிடுகிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் வீச்சு என்று இதற்குப் பெயர். இங்கே நாம் கூறுவன யாவும் வலக்கை ஆட்டக்காரருக்குரியவை. இடக்கையர் வலத்தை இடமாக மாற்றிப் படித்துக்கொள்வாராக.

வலப்புறம் போகும் பந்துக்கு மருந்து யாது? எவருக்கும் தோன்றுவதே நமக்கும் தோன்றியது. சற்று இடப்புறமாகத் திரும்பி நின்றோம். பந்து முன்னினும் மிகுதியாக வளைந்தது. இன்னும் திரும்பினோம். அது இன்னும் வளைந்தது. ஆறு திங்களில் நாம் நின்ற நிலையைப் பார்த்தால், பக்கத்துத் தடுப்பில் ஆடுபவருடைய வலையைக் குறிபார்க்கிறோமோ என்று ஐயுறத் தோன்றும். பார்த்தவரெல்லாம் ஒவ்வொரு மருந்து சொன்னார்கள். தலையை அசைக்காதீர் என்றார் ஒருவர். இடக்கையை விறைப்பாக வையும் என்றார் மற்றொருவர். மெதுவாக வீசும் என்று எல்லோரும் சொன்னார்கள். மெதுவாக வீசினோம்; பந்து மெதுவாக வலப்புறம் சென்றது.

இது வேடிக்கையாக இருந்த காலம் சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களோடு முடிந்தது. மேலதிகாரி ஒருவரின் தயவால் ஒரு ஞாயிறு காலை, உண்மையான மைதானம் ஒன்றில் ஆடுவதற்கு நம் அலுவலகத்தார் நால்வருக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் குழிக்குரிய மேடையில் நின்று டிரைவர் மட்டையைக் கையில் எடுத்தோம். (இருப்புப்பாதைக்காரருக்கு டிரைவர் என்றால் எஞ்சினை ஓட்டுபவர், அவருக்கு இப்போது லோகோ பைலட் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். இங்கே மிக நீண்ட மட்டைக்கு அப்பெயர்.) வலப்புற மரவரிசையின் அடியில் மூன்று பெண்கள் குந்தியிருந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாம் அடிக்கும் திசையில் இல்லை என்று எண்ணினோம். நாம் அடிக்கும் திசை வேறு, நம் பந்து செல்லும் திசை வேறு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பந்து இடப்புறம் எழுந்தது. வளைந்தது. எச்சரிக்கைக் குரல் எழுப்ப வேண்டும் என்பதுகூட நமக்குத் தோன்றவில்லை. நம்மோடு வந்த முதிய கேடிதான் கத்தினார். பெண்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த அம்மையாருக்கு ஒரு முழ தூரத்தில் பந்து வீழ்ந்து, துள்ளி, மரத்தில் மோதி நின்றது. கோல்ஃப் பந்து 46 கிராமுக்கும் சற்றுக் குறைவான எடையுள்ளதுதான்; கையில் எடுத்தால் ஓர் எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. ஆயினும் அது வரும் வேகத்தில் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ண இப்போதும் உடல் நடுங்குகிறது. நாம் ஓடினோம். நமக்குத் தெரிந்த இந்தியில் மன்னிப்புக் கேட்டோம். நம் தாயார் வயதிருக்கும் அவருக்கு. அவர் பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் கூறாமல் மறுபடியும் புல்லைச் செதுக்கத் தொடங்கினார். அவர் நம்மை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று எஞ்சிய குழிகளை நாம் ஆடவில்லை. நண்பர்கள் முன்னே செல்ல, முதியவரோடு பின்னே நடந்தோம். அவர் பீகாரைச் சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகளாகப் பை சுமப்பவர். சிறிது நேரம் கழித்து அவரே பேசினார். "பாபுஜி, உங்களுக்கு வலப்புறத்தைக் கண்டு அச்சம். அச்சத்தால் இடப்புறம் பார்க்கிறீர்கள். இடப்புறம் பார்ப்பதால் தோள் இடப்புறம் போகிறது. தோள் போகும் வழியில் மட்டை போகிறது. பந்து வலப்புறம் ஓடாமல் என்ன செய்யும்?" என்றார். பிறகு நம் மட்டை முன்பு கிள்ளியெறிந்திருந்த புல் பத்தை ஒன்றின் தழும்பைக் காட்டினார். அது இலக்கை நோக்கி இல்லை. அதற்கு இடப்புறமாக, ஓடும் பாம்பின் தடம்போல் சாய்ந்து கிடந்தது. நம் வீச்சு எவ்வழி சென்றது என்பதைத் தரையே எழுதி வைத்திருந்தது. ஓராண்டாக அதைப் பாராமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

முதியவர் சொன்னதன் காரணத்தைப் பின்னர்ப் படித்து அறிந்தோம். பழைய நூல்கள் பல, பந்து முதலில் வீச்சின் வழியே புறப்பட்டுப் பிறகு மட்டையின் முகம் பார்த்த பக்கம் திரும்பும் என்று கூறின. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ராடார் கருவிகளால் பந்தின் போக்கை அளக்கத் தொடங்கியபின் இக்கருத்து திருத்தப்பட்டது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, மோதும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசையே. முகத்துக்கும் வீச்சின் வழிக்கும் உள்ள வேறுபாடே பந்தை வளைக்கிறது. எடுத்துக்காட்டாக, வீச்சு இலக்குக்கு இடப்புறம் 6 பாகை சாய்ந்தும், முகம் இடப்புறம் 2 பாகை சாய்ந்தும் இருந்தால், பந்து சற்றே இடப்புறம் புறப்பட்டு வலப்புறம் வளையும். நமக்கு நேர்ந்தது இதுவே. முகமும் வழியும் ஒரே பக்கம் பார்த்தால் பந்து வளையாது. நேராக இடப்புறம் போய்விடும். ஒன்பதாம் எண் இரும்பு மட்டையில் பந்து இடப்புறம் நேராகவும், டிரைவரில் வலப்புறம் வளைந்தும் போகிறதே, நமக்கு இரண்டு நோய்களா என்று பலர் மயங்குவர். நோய் ஒன்றே. முகம் மிகச் சாய்ந்த குட்டை மட்டையில் பந்து பின்னோக்கி மிகுதியாகச் சுழல்வதால் பக்கவாட்டு வளைவு வெளியே தெரிவதில்லை. டிரைவரில் எதையும் மறைக்க இயலாது.

இனி மருந்துக்கு வருவோம். இதில் எதை முதலில் செய்வது என்பதே பெரிது. நாம் தட்டுத் தடுமாறியதும் அங்கேதான். வீச்சு வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்தவுடன் வீச்சையே திருத்தப் புகுந்தோம். மட்டையின் முகமோ வலப்புறம் திறந்தபடியே இருந்தது. உள்ளிருந்து வெளியே வீசினால், திறந்த முகம் பந்தை நேரே வலப்புறக் காட்டுக்கு அனுப்புகிறது. அதைக் கண்டதும் அச்சம் மீண்டும் வந்து, கை பழைய வழிக்கே திரும்புகிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆசிரியர் ஜான் ஜேக்கப்ஸ் (1925-2017) இந்த நுட்பத்தை வாழ்நாள் முழுவதும் கற்பித்தார். முகம் திறந்திருப்பதால் பந்து வலப்புறம் போகிறது. அதைத் தடுக்கவே உடல் தானாக இடப்புறம் வீசப் பழகுகிறது. ஆதலால் முகத்தை முதலில் திருத்துக என்பது அவர் கொள்கை. உடல் மூடத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. தவறான முகத்துக்கேற்ற சரியான பரிகாரத்தையே அது தேடிக்கொண்டிருக்கிறது.

முகத்தைத் திருத்துவது கையின் பிடியில் இருக்கிறது. மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடக்கையின் விரல் முட்டிகள் இரண்டேனும் மூன்றேனும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நமக்கு ஒன்றுதான் தெரிந்தது. இடக்கையைச் சற்று வலப்புறம் சுழற்றி வைத்தோம். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அமையும் மடிப்பு, வலத்தோளை நோக்க வேண்டும். முதலில் இப்பிடி பிறர் கையைக் கடன் வாங்கியதுபோல் இருக்கும். அமெரிக்க வீரர் பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட 'ஐந்து பாடங்கள்' என்னும் நூலில் இதனினும் இடப்புறம் திரும்பிய பிடியைப் பரிந்துரைத்தார். அது மிகச் சிறந்த நூல். ஆனால் ஹோகன் அஞ்சியது, பந்து இடப்புறம் சுருண்டு வளையும் எதிர் நோயை. காய்ச்சல்காரர் குளிருக்கான கஷாயத்தைக் குடித்தல் ஆகாது.

புதிய பிடியோடு, ஏழாம் எண் இரும்பு மட்டையால், இடுப்பளவு மட்டுமே உயர்த்தி அரைவீச்சு வீசினோம். பந்து நேராக இடப்புறம் சென்றது. மறுபடியும் இடப்புறம். கூடை முழுவதும் இடப்புறம். மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்தன. திடலில் நம்மை அறிந்தவர்கள், "முன்பு வலப்புறம், இப்போது இடப்புறமா?" என்று நகைத்தார்கள். அந்த மூன்று வாரங்களில்தான் பெரும்பாலோர் பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாமும் ஒரு ஞாயிறு மாலை திரும்பத்தான் இருந்தோம். குந்தியிருந்த அந்த அம்மையார் நினைவுக்கு வந்தார், திரும்பவில்லை. பந்து வளையாமல் இடப்புறம் செல்வது தோல்வியன்று. முகமும் வழியும் உடன்பட்டுவிட்டன. இரண்டும் சேர்ந்து இடப்புறம் பார்க்கின்றன, அவ்வளவே. இனி வலப்புறத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை உடலும் மெல்ல மெல்ல உணர்ந்து, வீச்சைத் தானே வலப்புறம் திருப்ப முனையும்.

அதற்கு நிற்கும் நிலை இடம் தர வேண்டும். இங்கே ஆங்கில ஆசிரியர்கள் தண்டவாளத்தை உவமை காட்டுவர். நமக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பந்தும் இலக்கும் ஒரு தண்டவாளத்தின்மேல். நம் கால்களும் இடுப்பும் தோள்களும் மற்றொரு தண்டவாளத்தின்மேல். அகலப்பாதையில் இரண்டுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். நிலைய மேடையிலிருந்து பார்த்தால் தொலைவில் அவை கூடுவதுபோல் தோன்றும்; எந்த ஊரிலும் கூடியதில்லை. அதுபோல் நம் தோள்கள் இலக்கையே நோக்கக் கூடாது. இலக்குக்குச் சற்று இடப்புறமாக, பந்துக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஆனால் பலருக்குப் பாதங்கள் இணையாக இருந்தும் தோள்கள் மட்டும் இடப்புறம் திறந்திருக்கும். வலக்கை இடக்கைக்குக் கீழே பிடிப்பதாலும், பந்து இடக்காலுக்கு முன்னே தள்ளி இருப்பதாலும் வலத்தோள் முன்னே இழுபட்டுவிடுகிறது. குடைக்கம்பு ஒன்றை மார்பின் குறுக்கே வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். பந்தை ஒரு பந்தளவு பின்னுக்கு நகர்த்திய அளவிலேயே நம் தோள்கள் மூடிக்கொண்டன.

எஞ்சியது வலத்தோளின் அவசரம். மட்டை மேலே சென்று திரும்பும் கணத்தில், அடித்து நொறுக்கிவிட வேண்டும் என்னும் வேகத்தில் வலத்தோள் முந்திக்கொண்டு பந்தை நோக்கிப் பாய்கிறது. மட்டை வெளியே தள்ளப்படுகிறது. நம் மூத்த மகன் பந்துக்கோட்டின் பின்னாலிருந்து கைமட்டத்தில் செல்பேசியைப் பிடித்து ஒரு வீச்சைப் படம் எடுத்தான். அதைக் கண்டபின்னரே நம்பினோம். நாம் மெதுவாகவும் அழகாகவும் வீசுவதாக நினைத்திருந்தோம். படத்திலோ விறகு பிளப்பவர் ஒருவர் இருந்தார்.

இதற்கு நூல்கள் பல பயிற்சிகளைக் கூறும். நமக்குப் பயன்பட்டது நம் ஊர்க் குளக்கரையில் கற்றது. ஓட்டாஞ்சில்லை நீரின்மேல் தத்திச் செல்லும்படி எறிந்திராத சிறுவன் உண்டோ? அப்போது கையைத் தலைக்குமேலிருந்து வீசுவதில்லை. உடல் தாழ்ந்து, எடை முன்காலுக்கு மாறி, வலமுழங்கை விலாவை ஒட்டி முன்னே வர, கை பக்கவாட்டில் பின்தொடரும். சில்லு நீர்மட்டத்தோடு வழுக்கிப் போகும். மட்டை வீச்சும் ஈதே. முதலில் எடை இடக்காலுக்கு வரட்டும். அதுவரை முதுகு இலக்கையே பார்த்திருக்கட்டும். கைகள் தாமே தாழும். அலுவலகத்திலிருந்து வந்தபின், மொட்டை மாடியில் மட்டையும் இல்லாமல் பந்தும் இல்லாமல், வெறுங்கையால் ஐம்பது சில்லுகளை எறிவது நம் வழக்கமாயிற்று. அடுத்த மாடியில் துணி உலர்த்தும் வங்காளத்து அம்மையார், "இவர் எந்தத் தெய்வத்தை வழிபடுகிறார்?" என்று நம் இல்லத்தரசியிடம் வினவியதாகக் கேள்வி. "சம்பள நாளன்று சில்லறையை இப்படித்தான் எறிவார்" என்று இவர் விடையிறுத்தாராம்.

திடலில் மற்றொரு சோதனையும் செய்யலாம். பந்துக்கு வெளிப்புறம், ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் தள்ளி, பந்துக்குச் சற்றுப் பின்னால், சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துவிட வேண்டும். வெளியிலிருந்து வரும் மட்டை முதலில் துண்டையே அடிக்கும். பந்து மட்டும் சென்று துண்டு நகராமல் இருந்தால் வழி திருந்திற்று என்று கொள்ளலாம். துண்டுக்கு மாறாகச் செங்கல்லை வைத்தார் நம் நண்பர் ஒருவர். இரவல் மட்டையின் கழுத்து வளைந்ததற்கு அவர் கட்டிய தண்டத்தொகையை இங்கே வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

துண்டு நகராமல் பந்தை அடிக்க நமக்குத் தை மாதம் ஆயிற்று. பத்தில் ஆறு பந்துகள் நேராகச் சென்றன, மூன்று இடப்புறம், ஒன்று பழைய நன்றியை மறவாமல் வலப்புறம். டிரைவர் மட்டையை மட்டும் அந்தக் கார்த்திகை ஞாயிறு முதல் தொடவில்லை. சௌராசியாவும் நெடுந்தூரம் அடிப்பதற்குப் பெயர் பெற்றவர் அல்லர். குழியருகே காட்டும் கைத்திறனால் வென்றவர் என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம்.

மாசியில் அதே மைதானத்துக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. செல்வதா வேண்டாவா என்று இரண்டு நாள் எண்ணினோம். அதே முதியவர் பையை எடுத்துக்கொண்டார். மூன்றாம் குழியின் மேடைக்கு வந்ததும் ஒன்றும் கேளாமல் ஏழாம் எண் மட்டையை உருவிக் கையில் கொடுத்தார். வலப்புற மரவரிசையின் கீழ் யாரும் இல்லை. புல் செதுக்கும் பெண்கள் இம்முறை இடப்புறம் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவர்தாமா என்று அத்தொலைவிலிருந்து தெரியவில்லை. நம் பத்துப் பந்துகளில் மூன்று எங்கே செல்லும் என்பது நினைவுக்கு வந்தது. முதியவரும் அதையே எண்ணியிருக்க வேண்டும். பையைத் தரையில் வைத்துவிட்டுத் தாமும் அமர்ந்துகொண்டார். பின்னால் வந்த குழுவினர் இருமுறை குரல் கொடுத்தார்கள். அவர்களை முன்னே போகச் சொல்லி வழிவிட்டு, அப்பெண்கள் தம் கூடைகளை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குச் செல்லும் வரையில் மட்டையை ஊன்றியபடி நின்றிருந்தோம்.